இரண்டாம் வணக்கம்

ஜூலை 21

நாட்குறிப்பு எழுதச் சொன்னவர் ஹ்வாங் டீச்சர். நாளுக்கு ஐந்து வரி, கொரிய மொழியில். "இன்று மழை. சந்தைக்குப் போனேன். வெங்காயம் வாங்கினேன்." இதை எழுதவா எம்.எஸ்சி. கணிதம் படித்தேன்? அவருக்கு உண்டான ஐந்து வரியை அவரிடம் கொடுத்துவிட்டு, மனசில் உள்ளதை இங்கே தமிழில் எழுதிக்கொள்ளப் போகிறேன்.

சங்கரன்கோவிலை விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. இவர் சுன்சொன் பல்கலைக்கழகத்தில் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறார். நான் இவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். தன்ஷிகாவின் விசா இன்னும் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அக்டோபருக்குள் அழைத்து வந்துவிடலாம் என்கிறார் இவர். அதற்காகத்தான் விடுதியை விட்டு இந்த மாடி வீட்டுக்கு இன்று மாறினோம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்றார்கள். திறந்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறுதான் தெரிந்தது. கடல் ஒரு பொழுது விலகி, ஒரு பொழுது வருமாம்.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் யாங் ஐயாவும் அவர் மனைவி சுன்-ஜாவும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் இல்லை. சாவி கொடுக்க வந்த யாங் ஐயாவிடம் வந்த அன்றே என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். ஒருவரைப் பார்த்ததும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பது நம் வாயில் ஊறிய பழக்கம். அதையே கொரிய மொழியில் கேட்டேன். நான் அந்த மொழியைக் கற்றது டிவி தொடரில். அம்மா வேடக்காரிகள் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி, "சாப்பிட்டியாடா" என்கிற தொனியில் வந்து விழுந்துவிட்டது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துக் குனிந்து, இன்னும் சாப்பிடவில்லை என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வதைப் போல. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜூலை 22

கீழேயிருந்து சாதமும் கடற்பாசி சூப்பும் வந்தன. தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள் சுன்-ஜா. கூட ஒரு கிண்ணம் அவித்த மட்டிச் சிப்பி. நத்தைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது. இவர் தலையில் கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 2

இன்றைய வகுப்பு மரியாதைச் சொற்கள். நமக்கு "நீ"யை "நீங்க" ஆக்கி, வினைக்குப் பின்னால் ஒரு "ங்க" போட்டால் ஆயிற்று. இவர்களுக்கு அது போதவில்லை. பெரியவர்கள் சாப்பிடும் சாதத்துக்கு வேறு பெயர். நாம் சாப்பிடுவது பாப், பெரியவர்கள் சாப்பிட்டால் அதே சோறு ஜின்ஜி. அவர்கள் தூங்குவதற்கு ஒரு சொல், இருப்பதற்கு ஒரு சொல், வயதுக்கு ஒரு சொல். செத்துப்போனால் செத்தார் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் போனார் என்று சொல்ல வேண்டும். வியட்நாம்காரப் பெண் ஒருத்தி எங்கே திரும்பிப் போனார் என்று கேட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, வந்த இடத்துக்கு என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். யாங் ஐயா என்னிடம் பேசும்போது இந்தச் சொற்களையெல்லாம் போடுகிறார். காலையில் படியில் பார்த்தால், "தாங்கள் நன்றாகத் துயின்றீர்களா, அமுது கொண்டீர்களா" என்கிற ரீதியில் விசாரிக்கிறார். டீச்சரிடம் சொன்னேன். இருக்கவே முடியாது என்றார். முப்பத்து நான்கு வயதுப் பெண்ணிடம் அறுபத்து நான்கு வயதுக்காரர் அப்படிப் பேச மாட்டாராம். சொந்த அப்பா அம்மாவிடம்தான் பேசுவார்களாம். பிறகு, உனக்குப் பாடம் நடத்துகிறாரோ என்னவோ என்று விட்டுவிட்டார்.

அதுவாகத்தான் இருக்கும். நல்ல மனிதர். மாதக் கட்டணம் இல்லாத டியூஷன்.

ஆகஸ்ட் 6

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே கூப்பிட்டார்கள். இவருக்கு ஆய்வகத்தில் வேலை, நான் மட்டும் போனேன். கதவுக்கு நேர் எதிரே, சுவரோரம் பட்டு மெத்தை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். அந்த இடம்தான் வீட்டில் மேலிடமாம். இரண்டு பேரும் என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமலே இருந்தார்கள். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. என்ன தவறு செய்தேன் என்று விழித்தேன். அப்புறம்தான் புரிந்தது, நான் கரண்டியை எடுக்காமல் அவர்கள் தொட மாட்டார்கள். எடுத்தேன். எடுத்தார்கள்.

உண்மையை எழுதினால் என்ன, எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் கை நனைவதற்காக யாரும் காத்திருந்ததில்லை. எல்லோரும் தின்றது போக மிச்சம் இருந்ததை அடுப்படியில் நின்றுகொண்டே தின்றவள் நான்.

மாடிக்கு வந்த அரை மணியில் இவர் வந்தார். வாசலில் நின்றபடி, "ஏட்டி, கதவத் தொற. செத்த பிணமா கெடக்க?" என்றார். திறந்தேன்.

ஆகஸ்ட் 11

வீடியோவில் தன்ஷிகா முன்பல் விழுந்ததைக் காட்டினாள். ஈறை ஃபோனில் ஒட்டவைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா, பாத்தியா" என்று கேட்டபோது திரை முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. விழுந்த பல்லைக் கூரையில் எறியக் கூடாது, அம்மாவிடம் காட்டத்தான் எடுத்துவைத்திருக்கிறேன் என்கிறாள். அழுகையை அடக்க முடியவில்லை. அத்தை பின்னாலிருந்து, "ஏட்டி, புள்ள முன்னால ஒப்பாரி வைக்காத" என்றார்.

விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழை மறுபடி கேட்டிருக்கிறார்களாம். அக்டோபர் வரைக்கும் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

யாங் ஐயா ஒரு விண்ணப்பம் வைத்தார். நான் அவரிடம் மரியாதையாகப் பேசக் கூடாதாம். தாழ்த்திப் பேச வேண்டுமாம், முதல் நாள் கேட்டேனே, அந்த மாதிரி. சுன்-ஜா பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வயதில் மூத்தவரை எப்படி என்று இழுத்தேன். பிறகு அவர் முன்னாலிருந்த சோஜு பாட்டிலைப் பார்த்து, சும்மா விளையாட்டுக்கு, "போதும். குடித்தது போதும், எடுத்து வை" என்றேன். டக்கென்று எடுத்து வைத்துவிட்டார். வைத்துவிட்டு அழுதார். பெரிய ஆண்பிள்ளை முகத்தை மூடாமல் அழுவதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அடுப்படியில் சுன்-ஜா மெல்லச் சொன்னாள். யாங் ஐயாவுடைய அம்மா மட்டி எடுக்கிறவர். கடல் விலகும்போது, ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி மறு காலால் உந்தி உந்திச் சேற்றில் வெகுதூரம் போவார். ஒரு நாள் மூடுபனி இறங்கியது. பலகை மட்டும் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. அன்று காலையில் அவர் மகனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். முந்தின நாள் குடித்த போதை தெளியாத மகன், நாய்க்குக்கூடச் சொல்லாத சொல்லால் அவரைத் திட்டி, நீயே கொட்டிக்கொள் என்றிருக்கிறார். அம்மாவும் மகனும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

அன்றிலிருந்து யாங் ஐயா யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லையாம். பேசியதைத் திருப்பி எடுக்கத்தான் ஆள் இல்லை என்றாள் சுன்-ஜா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் காலையே பார்த்தாள்.

பாவம். நாலு வார்த்தை தாழ்த்திப் பேசினால் ஒரு மனிதருக்கு ஆறுதல் கிடைக்குமென்றால் நான் என்ன குறைந்துவிடப் போகிறேன்?

ஆகஸ்ட் 26

வகுப்பில் நான் ஏதோ பதில் சொன்னேன். ஹ்வாங் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி சொல் என்றார். சொன்னேன். அது இந்தக் கடலோரத்துக் கிழவிகள் பேசுகிற பேச்சாம். டீச்சரின் பெரிய பாட்டிக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் யார் வாயிலும் கேட்டதில்லையாம். எங்கே கற்றாய் என்றார். டிவியில் என்றேன்.

டிவி பார்த்து ஒரு மாதம் ஆகிறது. கீழே பேசிப் பேசித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் யாங் ஐயாவும் சுன்-ஜாவும் என்னிடம் உயர்த்தித்தான் பேசுகிறார்கள், இந்தப் பேச்சைப் பேசுவதில்லை. காதில் எங்காவது விழுந்திருக்கும்.

மட்டி நன்றாகத்தான் இருக்கிறது. மூடியிருக்கும் மட்டியின் பின்பக்கத்தில் கரண்டி முனையை வைத்து ஒரு திருகு திருகினால் வாயைத் திறந்துவிடும். ஒரு சட்டியைத் தனியாகவே காலி செய்தேன்.

செப்டம்பர் 4

இடது முழங்கால் வலிக்கிறது. ஈரக் காற்றுக்கு வந்த வலி. தோல்கூட அந்த இடத்தில் தடித்துப்போய்விட்டது.

குளியலறைத் தரையில் சேறு கிடக்கிறது என்று இவர் கத்தினார். "செருப்போட உள்ள போனியாட்டி? எங்கெல்லாம் சுத்திட்டு வார?" சாக்கடை எதிர்த்து வந்திருக்கும் என்றேன். குழாயைக் கழற்றிப் பார்த்தார், உள்ளே சுத்தமாக இருந்தது. நான் எங்கும் போகவில்லை. தூங்கி எழும்போது நகக்கண்ணில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்குச் சேறு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "ஏட்டி" என்ற அந்தச் சொல்தான் இப்போதெல்லாம் காதில் அறைகிறது. ஒன்பது வருடம் எப்படித்தான் பொறுத்தேனோ. கீழே போய் மேலிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மனசு அடங்கியது.

செப்டம்பர் 12

பண்டிகை வருகிறது. நம் பொங்கல் மாதிரி ஒரு அறுவடைத் திருநாள். வகுப்பில் டீச்சர் விழுந்து வணங்கக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், மெல்ல உட்கார்ந்து, குனிய வேண்டும். உயிரோடு இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு முறை. திரும்பிப் போனவர்களுக்கு இரண்டு முறை. இதை மாற்றிச் செய்வதைவிட அவமரியாதை வேறு கிடையாது என்று கரும்பலகையில் எழுதியே போட்டார்.

அத்தையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அப்போது கீழே இருந்தேன்.

செப்டம்பர் 17

பண்டிகை. இவர் நண்பர்களோடு பூசான் போய்விட்டார். சுன்-ஜா எனக்கு இவர்களுடைய பட்டுப் பாவாடையும் மேல்சட்டையும் கொண்டுவந்தாள். இளம் பச்சை, மடிப்பில் பாச்சை உருண்டை வாசம். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. மேலிடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சாதத்தை வலது பக்கமும் சூப்பை இடது பக்கமும் வைத்தார்கள். வழக்கமாக மாற்றித்தான் வைப்பார்கள்.

இரண்டு பேரும் எதிரே நின்று வணங்கினார்கள். எழுந்தார்கள். மறுபடியும் வணங்கினார்கள்.

சுன்-ஜாவுக்கு முதல் தடவை கால் தடுக்கியிருக்கும். அதனால் சரியாக இன்னொரு தடவை செய்திருப்பாள். அவள் செய்ததால் அவரும் செய்திருப்பார்.

செப்டம்பர் 18

அவளுக்குக் கால் தடுக்கவில்லை.

செப்டம்பர் 25

தன்ஷிகாவுக்கு விசா வந்துவிட்டது. இவர் இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறார். இரண்டு பேரும் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்துவிடலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டே, கொண்டுபோக வேண்டிய சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்டோபர் பதினொன்றில் கீழே ஒரு விசேஷம், நான் இருந்தே ஆக வேண்டும் என்று யாங் ஐயா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன்.

இவர் முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஆவுடை, ஒனக்கு என்ன ஆச்சி? புள்ள ராத்திரியில ஒன் சேலயப் போத்திக்கிட்டுதான் தூங்குதாம். எங்க அம்ம சொல்லுதா. நீ ஒரு மாசமா அதுகூடப் பேசல, தெரியுமா?"

ஒரு மாதம் இருக்காது. நடுவில் ஒரு முறை பேசினேன். பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். தன்ஷிகா ஏதோ கேட்டாள், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, வேறு சொற்கள்தான் நாக்கில் வந்து நின்றன. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேச்சில் ஒரு "ங்க" போட்டிருந்தால் கிளம்பியிருப்பேனோ என்னவோ.

அக்டோபர் 3

இவர் ஊருக்குப் போய்விட்டார். நான் வகுப்புக்குப் போகவில்லை என்று ஹ்வாங் டீச்சர் மாடிக்கே வந்துவிட்டார். தேநீர் கொடுத்தேன். கீழே நடப்பதைப் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினேன். சாதம் வலப்பக்கம், சூப்பு இடப்பக்கம் என்று சொன்னதும் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். திரும்பிப் போனவர்களுக்குத்தான் அப்படி வைப்பார்களாம். இரண்டு முறை வணங்கியதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பதினொன்றாம் தேதி என்ன விசேஷம் என்று அவரே சொன்னார். அது நிலாக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தின் ஒன்பதாம் நாள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு, உடல் கிடைக்காதவர்களுக்கு, அன்றைக்குத்தான் படைப்பார்கள். மடக்குத் திரை ஒன்றை விரித்து, அதில் அவரைக் குறிக்கும் காகிதம் ஒட்டி, அதன் முன்னால் சாப்பாடு வைப்பார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பெட்டியை எடு. உன் கணவர் வரும்வரை என் வீட்டில் இரு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கூப்பிடுவது உன்னை இல்லை."

அவர் அக்கறையோடுதான் சொன்னார், எனக்கும் தெரிகிறது. பெட்டியைக்கூடக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஆனால் இந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுப்பதும், "எடு, இரு" என்று சொல்வதும் பொறுக்கவில்லை. என் வயதென்ன, இவள் வயதென்ன? நேற்றுப் பிறந்தவள். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கிறவள் இப்படியா பேசுவது என்று சொன்னேன். எந்தப் பேச்சில் சொன்னேனோ தெரியாது. அவள் என் கையை விட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நகர்ந்து, படியில் இறங்கும்போது குனிந்து வணங்கினாள். ஒரு முறைதான்.

டீச்சருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். எழுதிய பிறகுதான் நினைவு வருகிறது.

அக்டோபர் 8

தன்ஷிகா ஒரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள். மூன்று முறை கேட்டேன். "எம்மா, நான் வாரேன். நீ வாசல்லயே நிக்கணும், என்ன? பல்லக் கொண்டாரேன்." உடனே கிளம்பி விமான நிலையத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

படியில் யாங் ஐயா நின்றிருந்தார். தாங்கள் எங்கே எழுந்தருளுகிறீர்கள் என்று கேட்டார். அவர் உதடு வெளுத்திருந்தது. கடல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மூடுபனி இறங்குகிறது, இன்றைக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சினார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படித் தாண்டிப் போவது? இன்னும் மூன்று நாள்தானே, படையல் முடியட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 11

பகலில், கடல் விலகிய நேரத்தில் வைத்தார்கள். மடக்குத் திரை, ஊதுபத்தி, மீன், பேரிக்காய், சுன்-ஜா விடிவதற்கு முன்பே எழுந்து வார்த்த பலகாரம். யாங் ஐயா கறுப்பு கோட்டு போட்டிருந்தார். திரையில் காகிதம் ஏதும் ஒட்டவில்லை. அந்த இடத்தில் மெத்தையைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள்.

வணங்கினார்கள். எண்ணவில்லை.

சாதத்தின் நடுவே கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினார் யாங் ஐயா. பிறகு இரண்டு பேரும் பின்பக்கமாகவே நடந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

நம் ஊரிலும் மாமனாருக்குப் படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்பார் அத்தை. ஒவ்வொரு வருடமும் வெளியே நின்றிருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. உள்ளே அமைதியாக இருக்கிறது. வெளிச்சம் காகிதம் ஒட்டிய கதவு வழியாகப் பால் நிறத்தில் வருகிறது. யாரும் எதற்கும் அவசரப்படுத்துவதில்லை.

எழுந்து போய்விடலாம் என்று ஒரு தடவை தோன்றியது. கதவில் பூட்டு ஒன்றும் இல்லை. தன்ஷிகாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், பல் விழுந்த வாய் மட்டும்தான் நினைவில் வந்தது, முகம் வரவில்லை. எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசியை நான் அறிந்ததில்லை, வருடக்கணக்காகச் சாப்பிடாதவர்களுக்கு வருகிற பசி. கரண்டியை எடுத்தேன்.

கிண்ணம் காலியான பிறகு வெளியே யாங் ஐயா தொண்டையைச் செருமினார். அதுதான் முறை, மூன்று முறை செருமிவிட்டு உள்ளே வருவார்கள். மூன்றாவதுக்கு நான் காத்திருக்கவில்லை. "வெளியே என்ன நிற்கிறாய், உள்ளே வா" என்றேன்.

இத்தனை வருடமாகப் படைத்ததில் உள்ளேயிருந்து பதில் வந்தது இதுவே முதல் முறை. அவன் தவழ்ந்துதான் வந்தான். அன்று காலையில் சொன்ன சொல்லை மன்னிக்கும்படி கேட்டான், தலையைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. போகட்டும், சாப்பிடு என்றேன். மிச்சமிருந்த மீனை முள் நீக்கி அவன் கிண்ணத்தில் வைத்தேன்.

இனிமேல் போக மாட்டீர்களே என்று கேட்டான். எங்கே போகப்போகிறேன் என்றேன்.

அக்டோபர் 12

கடல் இரண்டு முறை விலகி இரண்டு முறை வந்தது. முழங்கால் வலி இல்லை. மருமகள் கால் பிடித்துவிட்டாள்.

அக்டோபர் 15

இந்த எழுத்து வளைந்து வளைந்து போகிறது. எழுதக் கை தயங்குகிறது. இருந்தாலும் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மாடியில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டார். வாசலில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார். நான் மேலிடத்தில் உட்கார்ந்து மட்டி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் ஆவுடை, ஆவுடை என்று யாரையோ கூப்பிட்டார். தமிழில் பேசு, தமிழில் பேசு என்றார். என் தோளைப் பிடித்து உலுக்கினார். மகன் குறுக்கே வந்து மரியாதையாகக் கையை விலக்கிவிட்டான். அந்த மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழத் தொடங்கினார். கட்டிய பெண்டாட்டி காணாமல் போனால் துக்கம் இருக்கத்தானே செய்யும்.

அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி நின்றிருந்தாள். மெலிந்த பிள்ளை, கசங்கிய சேலைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். கையில் ஒரு சின்னத் தீப்பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓடி வந்தவள் பாதி அறையில் நின்றுவிட்டாள். என்னை வெகுநேரம் பார்த்தாள். எனக்கும் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. பசிக்கிறதா என்று கேட்டு, ஒரு மட்டியைத் திறந்து நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு அடி பின்னால் போய், தீப்பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் இன்னும் சத்தமாக அழுதார். எனக்கோ அவள் கேட்டதில் காது குளிர்ந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தெரியாதவர்களிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுவது எங்கே? யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக வளர்த்திருக்கிறாள்.